கடனட்டையும் சிக்கனமும்: தங்கவயல் காட்டும் பாடம்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கடமை என்பது ஒன்று; திருப்பித் தரவேண்டிய பொருள் என்பது மற்றொன்று. திருப்பித் தருவது கடமை என்பதை நினைவூட்டவே இவ்விரண்டும் ஒரு சொல்லில் குடியிருக்கின்றனவோ என்று எண்ணத் தோன்றுகிறது. வாங்கும்போது இரண்டாவது பொருளை மட்டும் எண்ணி, கொடுக்கும்போது முதற் பொருளை மறப்பவர் துன்பத்துக்கு ஆளாகின்றனர்.

இன்று நம் மாணவ நண்பர்கள் பலர், படிப்பை முடித்து வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே, கிரெடிட் கார்டு எனப்படும் கடனட்டையையும் பெற்றுவிடுகின்றனர். ‘இதனால் பணம் மிச்சமாகும்’ என்று ஒரு சாரார் சொல்கின்றனர். ‘இது குடியைக் கெடுக்கும்’ என்று மறு சாரார் எச்சரிக்கின்றனர். இவ்விரண்டு கூற்றிலும் உண்மை இருக்கிறது. எவ்வளவு உண்மை, எந்த நிலையில் உண்மை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டுக்கு நான் பிறந்த ஊராகிய கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்கிறேன்.

தங்கம் விளைந்த ஊர்

கோலார் தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் பெரிய அளவில் சுரங்கத் தொழிலை நடத்தினர். லண்டனில் இருந்த பங்குதாரர்கள் இட்ட முதலைக் கொண்டே சுரங்கங்கள் வெட்டப்பட்டன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஆகிய பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் சென்று பாறையை உடைத்தனர். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் சென்றது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் அரசு நிறுவனம் தோன்றியது. 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலை இழந்தனர்.

சுரங்கம் ஏன் மூடப்பட்டது? பூமிக்குள் தங்கம் அடியோடு தீர்ந்துவிடவில்லை. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் ஓர் அவுன்சுக்கும் மேல் தங்கம் கிடைத்தது; பிற்காலத்தில் சில கிராமே கிடைத்தது. ஆழம் கூடக்கூட, காற்று அனுப்பவும், நீர் இறைக்கவும், பாறையை மேலே ஏற்றவும் ஆகும் செலவு பெருகியது. எடுக்கும் தங்கத்தின் விலையைவிட எடுப்பதற்கு ஆகும் செலவு மிகுந்தது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். கடனட்டையின் கணக்குக்கும் இதுவே திறவுகோல்.

என் பாட்டனார் சுரங்கத்தில் வேலை செய்தவர். சம்பள நாளன்று சம்பளம் வாங்குவோர் வரிசை ஒன்று இருக்கும் என்றும், சற்றுத் தள்ளிக் கடன் கொடுத்தோர் வரிசை ஒன்று காத்திருக்கும் என்றும் அவர் சொல்லுவார். முதல் வரிசையில் வாங்கிய பணத்தில் பாதி, வீட்டை எட்டுமுன் இரண்டாவது வரிசைக்குப் போய்விடுமாம். என் தந்தையார் காலத்தில் சுரங்கம் இல்லை. மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயில் ஏறி, பெங்களூருக்குச் சென்று வேலை பார்த்து, இரவு வீடு திரும்புவோர் பல்லாயிரவர். அவருள் என் தந்தையாரும் ஒருவர். இன்று சம்பளம் கையில் வருவதில்லை. வங்கிக் கணக்கில் வருகிறது. கடன்காரரும் வரிசையில் நிற்பதில்லை, கைபேசியில் அழைக்கிறார். காலம் மாறினும் மாதக் கடைசி மாறவில்லை.

கடனட்டை என்பது யாது?

1950இல் அமெரிக்காவில் டைனர்ஸ் கிளப் என்னும் அட்டை தோன்றியது. உணவு விடுதியில் உண்டவர் அட்டையைக் காட்டிச் செல்வார். மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டுவார். அதில் பாக்கி வைக்கும் வழக்கம் இல்லை. 1958இல் பாங்க் ஆப் அமெரிக்கா, கலிபோர்னியா மாநிலத்தின் பிரெஸ்னோ நகரில் மற்றொரு வகை அட்டையை வழங்கியது. இதிலோ, முழுத் தொகையைக் கட்டாமல் ஒரு பகுதியைக் கட்டி, மீதியை வட்டியுடன் அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம். பின்னர் விசா என்று பெயர் பெற்றது இந்த அட்டையே. இந்தியாவில் 1980இல் சென்ட்ரல் பாங்க் கடனட்டையை வழங்கத் தொடங்கியது. இன்று நம் நாட்டின் ரூபே அட்டையும் உண்டு. ரூபே கடனட்டையை யு.பி.ஐ.யோடு இணைத்துப் பெட்டிக்கடையிலும் பயன்படுத்தும் வசதி 2022இல் வந்தது.

நம் கையிலுள்ள ஓர் அட்டைக்குள் இவ்விரண்டு வகையும் அடங்கியிருக்கின்றன. மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டுபவருக்கு அது 1950ஆம் ஆண்டின் அட்டை. மீதி வைப்பவருக்கு அது 1958ஆம் ஆண்டின் அட்டை. எதைப் பயன்படுத்துகிறோம் என்பதை வங்கி முடிவு செய்வதில்லை. கட்ட வேண்டிய நாளில் நாமே முடிவு செய்கிறோம்.

வட்டியில்லாக் காலம்

ஓர் அட்டையின் கணக்கு ஒவ்வொரு மாதமும் 5ஆம் நாள் முடிகிறது என்றும், பணம் கட்டக் கெடு 25ஆம் நாள் என்றும் கொள்வோம். ஜூன் 6ஆம் நாள் ஒரு பொருள் வாங்கினால், அது ஜூலை 5ஆம் நாள் கணக்கில் சேரும். ஜூலை 25ஆம் நாள் கட்டினால் போதும். 49 நாள் வட்டி இல்லை. அதே பொருளை ஜூலை 4ஆம் நாள் வாங்கினால் 21 நாளே கிடைக்கும். ஆகவே, பெரிய செலவைக் கணக்கு முடிந்த மறுநாள் வைத்துக்கொள்பவர் நீண்ட தவணை பெறுகிறார்.

இதனால் யாருக்கு நன்மை? ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. கட்டணம் 8,000 ரூபாய். சம்பளமோ ஜூலை முதல் நாள்தான் வரும். எங்கள் லைனில் இத்தகைய வேளையில் ‘ஐந்து வட்டி’க்குக் கடன் வாங்குவோர் உண்டு. ஐந்து வட்டி என்றால் மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய். எட்டாயிரத்துக்கு ஒரு மாத வட்டி 400 ரூபாய். பள்ளி அட்டையை ஏற்குமானால், அதற்கென்று தனிக் கட்டணம் வசூலிக்காதிருக்குமானால், இந்த 400 ரூபாய் மிச்சம். கடனட்டையால் ஏழைக் குடும்பத்துக்கு வரக்கூடிய மெய்யான சேமிப்பு இதுவே.

ஆயின் ஒன்றை உணர வேண்டும். இங்கே செலவு குறையவில்லை. ஜூன் மாதச் செலவு ஜூலை மாதச் சம்பளத்துக்கு மாறியிருக்கிறது. ஜூலை முதல் நாள் சம்பளம் வந்தவுடன் அந்த 8,000 ரூபாயைத் தனியே எடுத்து வைக்காதவர், 25ஆம் நாள் மீண்டும் ஐந்து வட்டிக்காரரின் வாயிலில் நிற்பார்.

ஆண்டுக்கு எவ்வளவு மிச்சம்?

இனிப் பரிசுப் புள்ளிகள், பணத் திருப்பம் என்று விளம்பரங்கள் சொல்லும் நன்மைகளைக் கணக்கிடுவோம். ஒரு குடும்பம் மளிகை, மின்கட்டணம், மருந்து முதலியவற்றுக்கு மாதம் 15,000 ரூபாயை அட்டை வழியே செலவிடுகிறது என்க. நூற்றுக்கு ஒரு ரூபாய் திரும்பக் கிடைத்தால், மாதம் 150. ஆண்டுக்கு 1,800 ரூபாய். அந்தப் பதினைந்தாயிரம் சராசரியாக ஒரு மாதம் சேமிப்புக் கணக்கிலேயே தங்குகிறது. ஆண்டு வட்டி நூற்றுக்கு இரண்டரை எனக் கொண்டால் 375 ரூபாய். இரண்டும் சேர்ந்து 2,175. அட்டையின் ஆண்டுக் கட்டணம் 500 ரூபாயும், அதன்மேல் நூற்றுக்கு 18 வீதம் சரக்கு சேவை வரியும் ஆக 590 ரூபாயைக் கழித்தால், நிகர நன்மை 1,585 ரூபாய்.

இனி, ஆண்டில் ஒரே ஒரு மாதம் கட்ட மறந்தார் என்க. 15,000 ரூபாய்க்கு மாதம் நூற்றுக்கு மூன்றரை வட்டி 525 ரூபாய். தாமதக் கட்டணம் 750 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இவற்றின்மேல் வரி 229 ரூபாய் 50 காசு. ஆக ஏறத்தாழ 1,505 ரூபாய். ஓராண்டின் உழைப்பில் எஞ்சுவது 80 ரூபாய்! வட்டி பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படுவதாலும், பாக்கி உள்ளவரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காததாலும், அந்த எண்பதும் நில்லாது.

ஒரு டன் பாறையை உடைத்துச் சில கிராம் தங்கம் எடுத்த கதையை இங்கே எண்ணிப் பாருங்கள். கிடைக்கும் தங்கம் சிறிது. செலவு ஒரு படி ஏறினாலும் நட்டம்தான்.

குறைந்த தொகை என்னும் கண்ணி

கணக்குச் சீட்டில் இரண்டு தொகைகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று முழுத் தொகை. மற்றொன்று ‘குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை’. இரண்டாவதைக் கட்டினால் தாமதக் கட்டணம் இல்லை. வங்கியின் அழைப்பும் வராது. எனவே, ‘எல்லாம் ஒழுங்காக இருக்கிறது’ என்று பலர் நம்பிவிடுகின்றனர்.

கணக்கைப் பார்ப்போம். பாக்கி 12,000 ரூபாய். குறைந்த தொகை நூற்றுக்கு ஐந்து. அதாவது 600 ரூபாய். கட்டியபின் மீதி 11,400. மாதம் மூன்றரை வட்டி 399 ரூபாய். வரியோடு ஏறத்தாழ 471 ரூபாய். அடுத்த மாதப் பாக்கி 11,871. அறுநூறு கட்டியும் கடன் 129 ரூபாயே குறைந்தது. புதிதாக ஒரு பொருளும் வாங்காமல், இவ்வாறே பன்னிரண்டு மாதம் கட்டி வந்தால், மொத்தம் ஏறத்தாழ 6,790 ரூபாய் கட்டியிருப்பார். அப்போதும் மீதிக் கடன் ஏறத்தாழ 10,540 ரூபாய் இருக்கும். குறைந்தது 1,460; வட்டிக்கும் வரிக்கும் போனது 5,300க்கு மேல்.

அதே மனிதர் மாதம் 1,500 ரூபாய் என்று உறுதி செய்துகொண்டு கட்டுவாராயின், பத்தே மாதத்தில் கடன் அடியோடு தீரும். 600க்கும் 1,500க்கும் உள்ள வேற்றுமை 900 ரூபாய்தான். ஆனால் ஒருவர் விடுதலை பெறுகிறார்; மற்றவர் ஓராண்டுக்குப் பின்னும் ஏறத்தாழத் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார்.

மாதம் மூன்றரை என்பது ஆண்டுக்கு நூற்றுக்கு 42. கடனட்டை வட்டி நூற்றுக்கு 30க்கு மேற்படக் கூடாது என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. ஆதலால் வட்டிக்கு வரம்பிடும் பொறுப்பை நீதிமன்றத்திடம் விட்டிருக்க இயலாது; முழுத் தொகையையும் கட்டுவதே நமக்குள்ள வேலி.

மனத்தின் இயல்பு

கணக்கில் தேறியவரும் கடனட்டையில் தோற்பது ஏன்? 2001இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பிரெலெக், சிமெஸ்டர் என்னும் அறிஞர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விளையாட்டுப் போட்டியின் நுழைவுச் சீட்டுகளை மாணவரிடையே ஏலம் விட்டனர். ஒரு சாராரைப் பணமாகக் கட்ட வேண்டும் என்றனர். மறு சாராரை அட்டையால் கட்டலாம் என்றனர். அட்டைக்காரர் கேட்ட விலை மிக உயர்ந்திருந்தது. சில சீட்டுகளுக்கு இருமடங்கு வரை சென்றது. கையிலிருந்து தாள் போகும்போது மனம் உணரும் வலி, அட்டையைத் தேய்க்கும்போது இல்லை.

இருமடங்கு வேண்டாம். நூற்றுக்கு இரண்டே ரூபாய் கூடுதலாகச் செலவிடுகிறோம் என்று கொள்வோம். பதினைந்தாயிரத்தில் 300 ரூபாய் கூடுதல் செலவு. பரிசாகக் கிடைப்பதோ 150. புள்ளிக்காகப் பொருள் வாங்குபவர், புள்ளி கொடுப்பவருக்கே இலாபம் தேடித் தருகிறார்.

கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள்

முதலாவது, வங்கியில் பணம் இருந்தால் மட்டுமே அட்டையைப் பயன்படுத்துக. பள்ளிக் கட்டணம் போன்ற இன்றியமையாத செலவுக்கு மட்டும் விதிவிலக்குத் தருக. அதுவும் அடுத்த சம்பளத்தில் அடங்குமானால்.

இரண்டாவது, செலவு செய்த அன்றே அத்தொகையை வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுக. என் தாயார் பழைய பால்பவுடர் டப்பாவில் வாடகைக்கு, பாலுக்கு என்று தனித்தனியே மடித்து வைப்பார். அதே முறைதான் இது. இழந்த வலியை அன்றே உணர்வதால் மனமும் அடங்கும்.

மூன்றாவது, முழுத் தொகையையும் கெடுவுக்கு முன் வங்கியே எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்க. மறதிக்கு இடம் வேண்டாம். சம்பள நாளுக்கேற்பக் கணக்கு முடியும் நாளை மாற்றித் தருமாறு கேட்கவும் உரிமை உண்டு.

நான்காவது, கடனட்டையால் ரொக்கம் எடுக்காதிருக்க. ரொக்கத்துக்கு வட்டியில்லாக் காலமே இல்லை. எடுத்த நாளிலிருந்து வட்டி ஓடும்; தனிக் கட்டணமும் உண்டு.

ஐந்தாவது, ஓர் அட்டை போதும். அதிலும் வரம்பில் மூன்றிலொரு பங்குக்குள் நில்லுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, நாம் கேளாமல் அட்டை வழங்கக் கூடாது. நம் இசைவின்றி வரம்பை உயர்த்தக் கூடாது. பாக்கியைத் தீர்த்து, அட்டையை முடித்துவிடுமாறு கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும்.

ஆறாவது, ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் கடன் வரலாற்றைப் படியுங்கள். சிபில் முதலிய ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஓர் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகின்றனர். கெடு தவறாதவருக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கிறது. பின்னாளில் வீட்டுக்கடன் குறைந்த வட்டியில் கிடைக்க அது துணை செய்யும். இருபது ஆண்டுக் கடனில் வட்டி சிறிது குறைந்தாலும், அந்த மிச்சம் பரிசுப் புள்ளிகளைவிட எத்தனையோ மடங்கு பெரிது.

முன்பே கடனில் உள்ளவர்

எங்கள் லைனில் அண்டை வீட்டு அண்ணன் ஒருவர், தங்கை திருமணத்துக்கு அட்டையால் செலவு செய்துவிட்டு, இரண்டு ஆண்டு குறைந்த தொகையையே கட்டி வந்தார். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது, “மாசாமாசம் தவறாம கட்டினேனே தம்பி, அப்புறம் எப்படி?” என்றார். அவர் நேர்மையானவர், கணக்கு மட்டுமே அவருக்குத் தெரியவில்லை. வீட்டுச் சங்கிலியை வங்கியில் அடகு வைத்து, நகைக்கடனால் அட்டைக் கடனை அடைத்தார். நகைக்கடனின் வட்டி அட்டை வட்டியைவிட மிகக் குறைவு. பிறகு அட்டையை முடித்துவிட்டார். பத்து மாதத்தில் சங்கிலியும் வீடு திரும்பியது. தங்கம் எடுத்த ஊரில் தங்கத்தை அடகு வைப்பதா என்று அவர் தாயார் வருந்தினார். ஆயினும் அது அறிவான செயல்.

தம் சக்திக்கு மீறிய கடனில் உள்ளவர் அஞ்சி ஒளிய வேண்டியதில்லை. கடும் வட்டியைத் தடுக்கக் கர்நாடகத்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. சிறுகடன் வசூலிப்போர் மிரட்டுவதைத் தடுக்க 2025 பிப்ரவரியில் அவசரச் சட்டம் பிறந்தது. வங்கியிடம் நேரில் சென்று தவணையாக மாற்றித் தருமாறு கேட்பதும் முறையே. வட்டியையும் கட்டணத்தையும் எழுத்தில் கேட்டறிந்து ஒப்புக்கொள்க.

முடிவுரை

கடனட்டையால் பணம் மிச்சமாகுமா? ஆகும். முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டுபவருக்கு, செலவைக் கூட்டாதவருக்கு, ஆண்டுக்குச் சில ஆயிரம் மிச்சமாகும். அவசர வேளையில் கடும் வட்டியிலிருந்து காப்பும் கிடைக்கும். இவ்விரண்டு ஒழுங்கும் இல்லாதவருக்கு மிச்சமாவதில்லை. சம்பளம் நாள் தவறி வருபவரும், ஏற்கெனவே பாக்கி உள்ளவரும் அட்டையை நாடாதிருப்பதே நன்று.

சுரங்கத்தில் செலவு மிகுந்தபோது அதை அறிந்து முடிவு செய்தவர்கள் மேலே இருந்தார்கள். கீழே உழைத்தவர்க்குக் கணக்குக் காட்டப்படவில்லை. மூடிய செய்திதான் காட்டப்பட்டது. நம் வீட்டுக் கணக்கிலாவது அவ்வாறு நேரக் கூடாது. கல்லூரிக்கு வந்து கணக்குக் கற்ற நாம், இந்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வீட்டிலுள்ள கணக்குச் சீட்டை வாங்கிப் பெற்றோருடன் உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பார்ப்போமாக.